குடும்பத் தலைவர் யார்?

ஒருதரம் நாங்கள் நாலு பேர், கையில் வினாக்கொத்துக் கட்டோடு, குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூர்ப் பக்கம் போனோம். நண்பர் ஒருவரின் பட்ட ஆய்வுக்கு உதவி. இரண்டாவது வீட்டிலேயே மாட்டிக்கொண்டோம்.

"குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டோம். திண்ணையில் இருந்த ஐயா தன் பெயரைச் சொன்னார், எழுதினோம். "வீட்டு உரிமையாளர்?" ஐயா உள்ளே திரும்பிப் பார்த்தார். அடுப்படியிலிருந்து மாமியின் குரல் வந்தது: "ஊடு மூத்தவளுக்குக் குடுத்தாச்சு மனே. இளையவளுக்கு ஒண்டு கட்டுமட்டும் நாங்களும் இதிலதான் இருக்கம்."

எங்கள் தாளில் இதற்குப் பெட்டி இல்லை. 'மற்றவை' என்பதில் புள்ளடி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனோம். அன்று ஐம்பதுக்கு மேல் தாள் நிரப்பினோம். திரும்பி வரும்போது பாதையில் நின்று எண்ணிப் பார்த்தால், 'மற்றவை' அவ்வளவு நிறைந்திருந்தது. ஊரில் வழமையாக நடக்கிற ஒன்று, எங்கள் தாளில் விதிவிலக்கு ஆகியிருந்தது.

இது சின்ன விஷயம் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எழுவான்கரை முழுக்கப் படிவங்களோடு ஆட்கள் வந்தார்கள். அழிந்த வீடுகளில் பல, தாய் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தவை. ஆனால் படிவம் கேட்டது 'குடும்பத் தலைவர்' பெயரை. அந்த இடத்தில் ஆணின் பெயரை எழுதுவதுதான் வழக்கம். பெண்ணின் வீடு கடலோடு போய், புது வீடு புருஷன் பெயரில் வரக்கூடிய நிலை. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் இதைக் கேள்வி கேட்டது அதனால்தான். ஒரு கேள்வியின் சொல், ஒருத்தியின் காணியைத் தீர்மானிக்கும்.

அப்போ எண்ணுவதை விட்டுவிட்டு ஊரில் போய் இருந்து பார்த்தால் போதுமா? அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். பல தடவை திரும்பி வந்து, 2008இல்தான் பெரிய நூலை வெளியிட்டார். தாய்வழிக் குடி முறையும், வீடு மகளுக்குப் போகும் வழக்கமும் இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது என்பதை அவ்வளவு நுணுக்கமாக எந்த வினாக்கொத்தும் காட்டியிருக்காது. நீண்ட காலம் கூட இருந்து பார்ப்பதன் பலம் அது.

பலவீனமும் உண்டு. ஓரிரு ஊரில் கண்டதை எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது. தாய்வழி என்றவுடன் "எங்கட பெண்களுக்கு என்ன குறை?" என்று பெருமை பேசவும் சுலபம். அந்தப் பெருமையைத்தான் காஞ்சனா ருவன்புர 2006இல் வெளியிட்ட நூல் உடைத்தது. கிழக்கில் தமிழ், முஸ்லிம், சிங்களச் சமூகங்களில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை ஆராய்ந்து, வீடு பெண் பெயரில் இருப்பதால் மட்டும் ஆணாதிக்கம் போய்விடாது என்று காட்டினார்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 1981க்குப் பிறகு மட்டக்களப்பில் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 2001இல் நடந்தது நாட்டின் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமை பெற்றது. போரும் இடப்பெயர்வும் உச்சத்தில் இருந்த காலத்தில் எத்தனை பேர் இருந்தோம், எத்தனை பேர் இல்லாமல் போனோம் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. ஒரு மாமியின் கதையை "அது ஒரு வீட்டுப் பிரச்சினை" என்று தள்ளிவிடலாம். ஆயிரம் வீட்டுக் கணக்கை அப்படித் தள்ள முடியாது.

"நாங்க ஊர்ப் பிள்ளைகள், எங்களுக்குத் தெரியாததா?" என்பதையும் நாங்கள் இப்போது நம்புவதில்லை. ஊர்ப் பிள்ளை என்பதால்தான் சாதி பற்றிய கேள்வியை மெல்லத் தாண்டிப் போனோம். அடுப்படியில் இருந்தவரை வெளியே கூப்பிடாமல் திண்ணையில் இருந்தவரிடமே கேட்டதும் அதனால்தான். 'விபரம் எடுக்க' வருகிறவர்களைப் பயத்தோடு பார்த்துப் பழகிய சனத்துக்கு, எங்கள் முகம் தெரிந்ததாக இருப்பது சில வேளை இன்னும் சங்கடம். சொன்னது பக்கத்து வீட்டுக்குப் போய்விடுமே!

எங்கள் கருத்து இதுதான். முறைகளில் எது உசத்தி என்று சண்டை பிடிப்பதை விட்டு, வரிசையைச் சரி செய்வோம். முதலில் போய் இருந்து கேட்போம். ஊர் என்ன சொற்களில் தன் வாழ்க்கையைச் சொல்கிறதோ அதிலிருந்து கேள்விகளை எழுதுவோம். அதன்பிறகு எண்ணுவோம். 'மற்றவை' நிறைந்தால் பிழை ஊரில் இல்லை, தாளில் என்று ஒத்துக்கொள்வோம். முடிவை அந்த ஊருக்கே கொண்டுபோய் வாசித்துக் காட்டுவோம். ஆய்வு முடிந்ததும் காணாமல் போகிறவர்களைச் சனம் நிறையவே பார்த்துவிட்டது.

அன்று வெளிக்கிடும்போது மாமி கேட்டார்: "இதால எங்களுக்கு என்ன மனே கிடைக்கும்?" ஆய்வுக்கு என்று சொன்னோம். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த முறை போகும்போது அவருக்கு ஒரு நல்ல பதில் வேண்டும். அதற்கு முதல், அவர் பெயரையும் கேட்டு எழுத வேண்டும். ஐம்பது தாளில் ஒன்றிலும் அது இல்லை.