எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு கேக்காதீங்க, எத்தனை மீட்டர்ல நிக்கும்னு கேளுங்க



இன்னைக்கு மருந்து, மாத்திரை இல்லை. டயர்.

போலோ ஜி.டி, ஐ20 என் லைன், விர்டஸ் ஜி.டி மாதிரி வேகமான கார்களைத் தினசரி வேலைக்கு ஓட்டுறவங்க நம்ம கடலூர் பக்கம் கூடிக்கிட்டே வர்றாங்க. முதல் செட் டயர் தேய்ஞ்சதும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "எந்த டயர் ரொம்ப நாள் ஓடும்?"

என்னைக் கேட்டா, இது தப்பான கேள்வி. டயர் தேர்வும் உயிர் காக்கும் விஷயம்தான். அதனால்தான் ஒரு மருத்துவர் இதை எழுதுறேன்.

1) சம்மர் டயர்னா என்ன?

ஐரோப்பாவில் வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனா குளிர்கால டயர், அதுக்கு மேலே சம்மர் டயர்னு மாத்துவாங்க. நமக்கு மார்கழி விடியற்காலையிலகூட 20 டிகிரிக்குப் பக்கத்துலதான் இருக்கும். அதனால பனிக்குன்னு செய்யுற மென்மையான ரப்பர் நமக்கு வேண்டாம். வருஷம் முழுக்க நமக்கு சம்மர் டயர்தான்.

ஆனா நம்ம சம்மர் டயருக்கு ரெண்டு பரீட்சை இருக்கு. சித்திரை வெயில்ல கொதிக்கிற தார் ஒண்ணு. ஐப்பசி அடைமழை இன்னொண்ணு. முதல் பரீட்சையில் பெரும்பாலான நல்ல டயர்கள் பாஸ் ஆகிடும். ஆளைக் காட்டிக்கொடுப்பது ரெண்டாவதுதான்.

2) மழையில் என்ன நடக்குது?

முதுநகரைத் தாண்டி, சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியா சிதம்பரம் போறீங்க. வடகிழக்குப் பருவமழை. ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிக்குது. வண்டி 80 கி.மீ வேகம். 205 மி.மீ அகலமுள்ள ஒரு டயர் நொடிக்குத் தோராயமா 14 லிட்டர் தண்ணீரை விலக்கணும். நம்ம வீட்டு 20 லிட்டர் கேன்ல மூணுல ரெண்டு பங்கு, ஒரே நொடியில!

அந்தத் தண்ணீர் வெளியேற வழி டயரில் இருக்கிற பள்ளங்கள்தான். பள்ளம் தேய்ஞ்சு போச்சுன்னா தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்து வண்டியைத் தூக்கிடும். ஸ்டியரிங் திடீர்னு லேசாகும். பிரேக்கும் வேலை செய்யாது. அப்படி ஆனா, ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க. ஸ்டியரிங்கை நேரா பிடிங்க. பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க.

3) காத்தும் முக்கியம்

1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வச்சு ஒரு கணக்குச் சொன்னாங்க. தேங்கின தண்ணீரில் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது காத்தழுத்தத்தைப் பொறுத்தது. அதன்படி 36 பி.எஸ்.ஐ இருந்தா சுமார் 100 கி.மீ வேகம். 25 பி.எஸ்.ஐ தான் இருக்குன்னா சுமார் 83 கி.மீ வேகத்திலேயே மிதந்திடும். காருக்கு இது தோராயம்தான். ஆனா பாடம் ஒண்ணுதான்: காத்து குறைஞ்சா ஆபத்து சீக்கிரம் வரும்.

மாடிப்படி ஏறி வந்த உடனே பி.பி பார்க்கக் கூடாதுன்னு சொல்வோம் இல்லையா? அதே மாதிரி ஓடி வந்த சூடான டயரில் அழுத்தம் கூடுதலாத்தான் காட்டும். அதைப் பார்த்துட்டுக் காத்தை இறக்காதீங்க. காலையில் வண்டி எடுக்கும் முன்னாடி பாருங்க. கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல உள்ள அளவுதான் சரியான அளவு.

நைட்ரஜன் அடைக்கணுமா? சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாசம் ரெண்டு தடவை அழுத்தம் பார்த்தா அதுவே போதும்.

4) கடையில் என்ன பார்க்கணும்?

அளவு: 205/55 ஆர்16 91வி என்று இருந்தால், அகலம் 205 மி.மீ, பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 'வி' என்றால் மணிக்கு 240 கி.மீ வரை. கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண்ணோ எழுத்தோ வாங்காதீங்க. "அகலமா போட்டா கெத்தா இருக்கும்"னு சொல்வாங்க. அகலமான டயர் தேங்கின தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும்!

தயாரிப்புத் தேதி: மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிற மாதிரி டயர் பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்க. 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். பழைய ஸ்டாக்கை "புதுசு சார்"னு கொடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க.

தேய்மான எண்: பல டயர்களில் 'ட்ரெட்வேர்' என்று 300, 400 மாதிரி எண் இருக்கும். எண் கூடினால் அதிக நாள் உழைக்கும்னு பொருள். ஆனா பொதுவா கெட்டியான ரப்பருக்குப் பிடிமானம் கொஞ்சம் குறையும். பக்கத்திலேயே 'ட்ராக்ஷன்' என்று ஒரு எழுத்து இருக்கும். அதுதான் ஈர ரோட்டில் பிடிமானம். டபுள் ஏ சிறந்தது, அடுத்தது ஏ. அதுக்குக் கீழே இறங்காதீங்க.

5) எப்போ மாத்தணும்?

சட்டப்படி காருக்குக் குறைந்தபட்சப் பள்ளம் 1.6 மி.மீ. புது டயரில் சுமார் 8 மி.மீ இருக்கும். என் கருத்து: 3 மி.மீக்கு வந்தாலே, புரட்டாசி முடியுறதுக்குள்ள மாத்திடுங்க. 1.6 என்பது அபராதத்திலிருந்து தப்பிக்க. 3 என்பது ஆள் தப்பிக்க.

ரெண்டு மட்டும்தான் மாத்த முடியும்னா புதுசைப் பின்னாடி போடுங்க. முன்சக்கர இழுவை வண்டியா இருந்தாலும் சரி. முன்பக்கம் வழுக்கினா வண்டி நேரா போகும், வேகத்தைக் குறைச்சு சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்திடும்.

6) "காசு கூடுதே டாக்டர்?"

கூடும்தான். ஆனா 100 கி.மீ வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகுது. குறுக்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் வந்தால், கடைசி ரெண்டு மூணு மீட்டர்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணும். வண்டியையும் ரோட்டையும் இணைப்பது உள்ளங்கை அளவுள்ள நாலு ரப்பர் துண்டுகள் மட்டுமே.

எக்ஸாஸ்ட், ஸ்டிக்கர், ஸ்பீக்கருக்குச் செலவு பண்ற காசை டயருக்குப் போடுங்க. மழையில் வேகத்தையும் குறைங்க. எந்த டயரும் அதுக்கு மாற்று இல்லை.

இந்த வாரமே உங்க டயரைக் குனிஞ்சு ஒரு தடவை பாருங்க. அப்பா வண்டியையும் சேர்த்துப் பாருங்க.