வளையம் இறுக்கினால் வலிக்கத்தான் செய்யுமா?

"இறுக்கினால் கொஞ்சம் வலிக்கும், வாந்தி வந்தால் வளையம் வேலை செய்கிறது என்று அர்த்தம், நாலு நாள் பொறுத்தால் சரியாகிவிடும்." உடல் எடை குறைய இரைப்பை வளையம் பொருத்திக்கொண்டவர்களுக்குச் சொல்லப்படும் ஆறுதல் இது. இதில் முதல் பகுதி மட்டும் ஓரளவு உண்மை. மற்றவை உயிருக்கே உலை வைக்கக்கூடியவை.

வளையத்தை இறுக்குவது சில நிமிட வேலைதான். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிச் சிலிக்கான் வளையம். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். குழாயின் மறுமுனையில், வயிற்றுத் தோலுக்கு அடியில், 'போர்ட்' எனப்படும் சின்னக் குமிழ். மருத்துவர் அதை விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஹியூபர் ஊசியைச் செருகி, கொஞ்சம் உப்புநீரை ஏற்றுகிறார். வளையம் உள்பக்கமாக உப்பி வழியைக் குறுக்குகிறது. பிறகு ஒரு குவளைத் தண்ணீரைக் குடிக்கச் சொல்வார்கள். தடையில்லாமல் இறங்கினால் வீட்டுக்குப் போகலாம்.

ஊசி குத்திய வலி ஓரிரு நாளில் அடங்கிவிடும். அந்த இடம் சிவந்து, சூடேறி, நீர் கசிந்தால் அது தொற்று. எந்தக் காரணமும் இல்லாமல் மாதங்கள், ஆண்டுகள் கழித்துப் போர்ட் பழுத்தால் உள்ளே கோளாறு இருக்குமோ என்று மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள்: வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே நுழைந்திருக்கலாம். அங்கிருந்து கிருமி குழாய் வழியே தோல்வரை வந்துவிடும். மேலுக்குக் களிம்பு தடவிப் பயனில்லை. எண்டோஸ்கோப்பி பார்த்தாக வேண்டும்.

அடுத்தது வாந்தி. சீக்கிரம் வயிறு நிறைந்த உணர்வைத் தருவதுதான் வளையத்தின் வேலை, குமட்டவைப்பதல்ல. வாந்தி எடுக்க எடுக்க உள்சவ்வு வீங்குகிறது, வழி இன்னும் குறுகுகிறது, வாந்தி அதிகமாகிறது. அந்த முக்கலில் கீழ்ப்பக்க இரைப்பை வளையத்துக்குள் ஏறிச் சிக்கிக்கொள்ளலாம். சிக்கிய பகுதிக்கு இரத்தம் போகாவிட்டால் அது அழுகிவிடும். வாந்தி வாரக்கணக்கில் நீடித்தால் தயமின் (வைட்டமின் பி1) சத்து வற்றி, நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், புத்தி குழம்பும். மூளையைத் தாக்கும் இந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

"மெல்லாமல் விழுங்கியிருப்பீர்கள்" என்று பழியை நோயாளி மேல் போடுவதும் வழக்கம். ரொட்டியும் கோழிக்கறியும் சிக்குவது உண்மைதான். ஆனால் தண்ணீரே இறங்காதவரிடம் மெல்லுவதைப் பற்றிப் பேசி என்ன பயன்?

பொறுத்துப் பார்க்கலாம் என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. எச்சிலைக்கூட விழுங்க முடியாதவர் மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது. இறுக்கியதைப் போலவே போர்ட்டில் ஊசி செருகி நீரை உறிஞ்சி எடுத்தால் வழி திறக்கும். எடுத்த பிறகும் வயிற்றுவலி தணியாவிட்டால் வளையம் நழுவியிருக்கிறதா என்று உடனே படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நீரைக் குறைப்பதைத் தோல்வியாக நினைத்து நோயாளிகள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்குவது மருத்துவரின் கடமை.

இதெல்லாம் எங்கோ ஒருவருக்கு நடப்பது என்பார்கள். 1994 முதல் 1997 வரை பிரஸ்ஸல்ஸில் வளையம் பொருத்திக்கொண்டவர்களில் 82 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஆராய்ந்தார்கள். 2011இல் வெளியான அந்த முடிவின்படி 28 சதவீதம் பேருக்கு வளையம் இரைப்பையை அரித்திருந்தது. சுமார் 60 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. வளையத்தை ஆதரிப்பவர்கள் மெல்போர்னில் பால் ஓ'பிரையன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். பதினைந்து ஆண்டு கழித்தும் கூடுதல் எடையில் 47 சதவீதம் குறைந்தே இருந்தது, அரிப்பு 3.4 சதவீதம்தான். நல்ல முடிவுதான். ஆனால் அங்கேயும் 26 சதவீதம் பேருக்கு வளையத்துக்கு மேலுள்ள பகுதி விரிந்து மறு அறுவை நடந்தது. போர்ட், குழாய்க் கோளாறுகளுக்காக 21 சதவீதம்.

2019இல் அமெரிக்காவில் நடந்த எடைக் குறைப்பு அறுவைகளில் வளையத்தின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. ஆனால் முன்பே பொருத்திக்கொண்ட பலரின் வயிற்றில் அது இன்னும் இருக்கிறது. அவசரப் பிரிவுக்குப் போகும்போது தங்களுக்கு வளையம் இருப்பதையும், கடைசியாக எப்போது, எத்தனை மில்லி ஏற்றினார்கள் என்பதையும் அவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.