அம்ப்ரிக்கு உரிய நியாயம்

நம் கடைவீதிகளில் காஷ்மீர் ஆப்பிள் என்று கூறி விற்கப்படும் பழத்தில் பெரும்பகுதி, காஷ்மீர மண்ணில் விளைந்ததேயாயினும், வம்சத்தால் அமெரிக்காவைச் சேர்ந்தது என்பதைப் பலர் அறியார். டெலிஷஸ் என்னும் அவ்வினம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயோவா மாகாணத்துத் தோட்டமொன்றில் தானே முளைத்த கன்றிலிருந்து பெருகி, பின்னர் நம் மலைநாடுகளுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே காஷ்மீரத்தார் தம் சொந்தப் பழமாகப் போற்றி வந்தது அம்ப்ரி.

சற்றே நீண்டு கூம்பிய வடிவமும், வெளிர்மஞ்சள் தோலின்மீது படர்ந்த சிவப்பு வரிகளும் உடைய அப்பழம், கண்ணைப் பறிக்கும் சௌந்தரியம் வாய்ந்ததன்று. ஆனால் வெண்மையான அதன் சதையிலே புளிப்பு மிகக் குறைவு, கடித்தால் மொறுமொறுக்கும், இனிமையோடு கூடிய பரிமளமோ அதற்கே உரியது. பிற இனங்கள் பலவற்றுக்கும் பிறகு, செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் பறிக்கப்படும் அது, குளிர்பதனக் கிடங்கின் உதவியின்றியே பனிக்காலம் முழுவதும் கெடாமல் இருக்கும்.

இத்தனை குணங்கள் இருந்தும், இன்று ஷோப்பியான் போன்ற சில பகுதிகளிலேயே அது எஞ்சி நிற்கிறது. காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் பிடிப்பதும், ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடுவதும், சொறிநோய்க்கு எளிதில் ஆளாவதும் அதன் குறைகள். கடன் வாங்கித் தோட்டம் போடும் குடியானவன், விரைவில் காய்த்து நிறத்தால் விலைபோகும் டெலிஷஸை நாடினால் அவன்மீது குற்றமில்லை. விஞ்ஞானிகள் இவ்விரண்டையும் கலந்து லால் அம்ப்ரி என்னும் புதிய இனத்தை உண்டாக்கியிருப்பது பாராட்டத்தக்கதே. எனினும், கலப்பினம் மூல இனத்துக்கு ஈடாகாது.

மேலும், நெல்லைப்போல விதையை எடுத்துவைத்துக் காப்பாற்றக்கூடிய பயிரன்று ஆப்பிள். அம்ப்ரியின் விதையை ஊன்றினால் முளைப்பது அம்ப்ரியாக இராது. தாய்மரத்தின் கிளையை வேறொரு கன்றில் ஒட்டுக்கட்டினாலன்றி அவ்வினம் தொடராது. ஆகவே, முதிர்ந்த மரங்கள் வெட்டுண்டு போகுமுன், அவற்றின் கிளைகளைக்கொண்டு ஒட்டுக்கன்றுகளை ஏராளமாக உற்பத்தி செய்து வழங்குவதும், மரம் காய்க்கும் வரையில் தோட்டக்காரனுக்கு மானியம் அளிப்பதும் அரசாங்கத்தின் கடமை. வாங்குவோராகிய நமக்கும் இதில் பங்குண்டு: பனிக்காலத்தில் பழக்கடைக்குச் செல்லும்போது அம்ப்ரி உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், கிடைத்தால், இரண்டு ரூபாய் கூடுதலாயினும் தயங்காமல் வாங்குங்கள்.