ஜிமிக்கிக்கு ஒரு வரி



கைவினைச் சிறப்பிதழ் வரப்போகிறது என்று அறிவித்ததும் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. சுடுமண் நகை செய்யும் ஒரு வாசகி உரிமையோடு கேட்டிருக்கிறார்: “என் ஜிமிக்கிக்கு நல்லதா ஒரு வரி எழுதிக் கொடுங்க. அட்டையில போடணும். எழுதுறதுதானே உங்க தொழில்?” கோடம்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வரி எழுத வராது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனாலும் நாங்கள் எழுதித் தரப்போவதில்லை. அந்த வரியை அவர் ஏற்கெனவே தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது எங்கள் சந்தேகம்.

நவராத்திரி நெருங்கும்போது வள்ளுவர் கோட்டம் பக்கம் போனால், அன்னை தெரசா மகளிர் வளாகத்துக்குள் ஒரு நடை போய் வாருங்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள் கடை போட்டிருப்பார்கள். கொலு பொம்மை, பனை ஓலைக் கூடை, சணல் பை, பாசிமணி மாலை எல்லாம் இருக்கும். பொருளைப் பார்க்குமுன் மேஜை மேல் நிற்கும் அட்டைகளை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். ‘பாரம்பரியத்தின் பெருமை’, ‘அன்போடு செய்தது’, ‘கலையும் கைவண்ணமும்’, ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்கிற ரகம்தான் எந்தக் கண்காட்சியிலும் அதிகம். பொம்மைக் கடை அட்டையைத் தூக்கிக் கூடைக் கடை மேஜையில் வைத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பக்கத்து மேஜைக்கும் பொருந்துகிற வரி உங்கள் வரியாக முடியாது. எங்களிடம் இருக்கிற ஒரே சோதனை இதுதான்.

அட்டையை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பேசுவதைக் கேளுங்கள். “இது கனமே இல்லக்கா, காதுல போட்டதே தெரியாது. கீழ போட்டா மட்டும் ஒடஞ்சிடும், பாத்துக்குங்க.” “பை நனைஞ்சா வெயில்ல காயப் போடாதீங்க, நிழல்ல போடுங்க.” “மொத ரெண்டு தடவ தனியா தொவைங்க, அப்புறம் சாயம் போவாது.” காலையிலிருந்து ராத்திரி கடை கட்டும் வரை வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்வது இதைத்தான். வாங்க வந்தவர் கேட்கிற கேள்விக்கு நேரான பதில் அது. ‘கனமில்லை, கீழே போட்டால் உடையும்’ என்று ஒரு ஜிமிக்கி அட்டையில் எழுதியிருந்தால் நான் நின்று படிப்பேன். உடையும் என்று தானே சொல்கிறவர் கனமில்லை என்று சொல்வதையும் நம்பலாமே! வாயில் இவ்வளவு நன்றாக வருவது, பேனாவைக் கையில் எடுத்ததும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை. எழுத்து என்றால் மேடைத் தமிழ் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டோம்.

முன்பெல்லாம் நம் தெருக்களில் விற்க வந்தவர்களுக்கு அட்டையே கிடையாது, குரல்தான். ‘அம்மி கொத்தலையோ அம்மி’, ‘ஈயம் பூசறது’, ‘சாணை பிடிக்கறது’, ‘கோலமாவு’ என்று கூவிப் போனவர்களை ஐம்பது வயது தாண்டிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கூவலில் ஒரு அடைமொழி கிடையாது. என்ன வேலை, என்ன பொருள், அவ்வளவுதான். அதை நீட்டி முழக்குகிற ராகத்தை வைத்தே வந்திருப்பது யார் என்று மாடியில் இருப்பவருக்குத் தெரியும்.

எங்கள் கோடம்பாக்கத்துச் சினிமாக்காரர்களுக்கும் அடைமொழி இல்லாத வரியின் பலம் தெரிந்திருந்தது. காவியம், மகா காவியம் என்று விளம்பரத்தில் எத்தனையோ போட்டார்கள். ஆனால் சுவரொட்டியைப் பார்த்தவனைக் கொட்டகைக்கு இழுத்தவை ‘வெற்றிகரமான 100-வது நாள்’, ‘இன்றே கடைசி’ போன்ற வரிகள்தான் என்று நினைக்கிறேன். ஒன்றில் ஒரு கணக்கு இருக்கிறது. மற்றதில் ஒரு கெடு. இரண்டையும் யாரும் சரிபார்க்கலாம். 1948-இல் ‘சந்திரலேகா’வுக்குச் செய்த விளம்பரத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோம்; அதை எடுத்த எஸ்.எஸ். வாசன் சினிமாவுக்கு வருமுன் விளம்பர ஏஜென்சியும் தபால் வழி வியாபாரமும் நடத்தியவர். 1928-இல் ‘ஆனந்த விகட’னை வாங்கியதும் அந்தத் தொழிலிலிருந்து வந்துதான். பத்திரிகைக்காரர்களான எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

கைவினைப் பொருளுக்கு வருவோம். இந்த விஷயத்தில் நான் கண்டவற்றுள் மிகச் சரியான அட்டை 1935-இல் தொடங்கிய நம் கோ-ஆப்டெக்ஸ் போட்டது. சில ஆண்டுகளுக்கு முன் பட்டுச் சேலையோடு ஒரு சிறு அட்டையை வைத்துக் கொடுத்தார்கள். நெய்தவரின் படம், பெயர், அவருடைய அனுபவம் ஆகியவை அதில் இருந்தன. அந்தப் படங்கள் கைபேசி கைபேசியாகச் சுற்றின. ‘நெசவாளர் வாழ்வுக்குக் கைகொடுப்போம்’ என்று ஆண்டாண்டாகக் கேட்டுக் காது மரத்தவர்கள்கூட அந்த அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள். முகம் தெரிந்த பிறகு பேரம் பேசக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும், இல்லையா? அது விற்பனைக்கு நல்லதுதான்.

பத்தமடைக்காரர்கள் இன்னொரு வழி கண்டிருக்கிறார்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் தேதியையும் கோரையிலேயே நெய்துவிடுகிறார்கள். அந்தப் பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது. அதனாலேயே அதற்கு விளம்பரமும் வேண்டியதில்லை. மெல்லிய ரகத்துக்குப் ‘பட்டுப் பாய்’ என்று பெயர். அதற்கு மேல் என்ன எழுதுவது? தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் அப்படித்தான். ஊர், அது செய்கிற காரியம், பொருள் என மூன்றும் பெயருக்குள்ளேயே அடக்கம்.

கடல் கடந்தும் ஒரு சாட்சி. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நெய்யும் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணிக்கென்று 1993-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கைத்தறியில் நெய்திருக்க வேண்டும். அங்கேயே சாயம் ஏற்றி நூற்ற புதுக் கம்பளியாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விற்பவர்கள் அந்தச் சட்ட வாசகத்தையே விளம்பரமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். யார், எங்கே, எதைக்கொண்டு என்பதற்கு மேல் அதில் ஒரு அலங்காரமும் இல்லை. நம் அரசுகளும் 2006-இல் கைத்தறி முத்திரை கொண்டுவந்தன. 2015 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, முதல் தேசியக் கைத்தறி நாளன்று, ‘இந்தியா கைத்தறி’ என்ற அடையாளத்தை இதே சென்னையில்தான் தொடங்கினார்கள். முத்திரை நம்பிக்கை தரும். ஆனால் உங்கள் பொருளைப் பற்றிப் பேச அதற்கு வாய் கிடையாது.

விளையாட்டாக எழுதி மாட்டிக்கொள்ளக் கூடாத இடங்களும் உண்டு. ஊர்ப் பெயர்கள் கேட்பாரற்றுக் கிடப்பவை அல்ல. காஞ்சிபுரம் பட்டு, தஞ்சாவூர் ஓவியம், சுவாமிமலை வெண்கலச் சிலை, பத்தமடைப் பாய் எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை. நாடு முழுவதுக்குமான அந்தப் பதிவகம் நம் கிண்டியில்தான் இருக்கிறது. உரிமை இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டு விற்றால் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடம் தருகிறது சட்டம். எனவே ஊர்ப் பெயரை அட்டையில் ஏற்றுமுன் அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள். அதேபோல, பாரிமுனையில் மொத்த விலைக்கு மணி வாங்கி, வீட்டில் கோத்துவிட்டு, ‘நூற்றுக்கு நூறு கைவேலை’ என்று போடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சிறு கடைக்காரர் மேல் அவ்வளவு பாயுமா என்று கேட்காதீர்கள். ‘மணி வாங்கியது, கோத்தது நான்’ என்றால் யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை. கோக்கிற வேலை என்ன சாதாரணமா?

கடைப் பெயரையோ வரியையோ வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பொருளை விவரிப்பதோடு நின்றுவிடும் சொற்களைப் பதிவு செய்வது கடினம். ‘அழகிய கைவினை’ உங்களுக்கு மட்டும் சொந்தமாகாது. தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். இதை வியாபாரம் ஓடத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்; முதல் கண்காட்சிக்கே வேண்டாம்.

வரி ஆங்கிலத்திலா தமிழிலா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். வாங்குகிறவருடன் எந்த மொழியில் பேசுகிறீர்களோ அதில். தி.நகரில் ஒரு மாதிரி இருக்கலாம், பெசன்ட் நகரில் ஒரு மாதிரி இருக்கலாம். இரண்டு அட்டை அடிக்க என்ன பெரிய செலவாகிவிடும்?

அந்த வாசகிக்கும், அவரைப் போல் எழுதியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சியில் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் முதலில் என்ன கேட்கிறார், நீங்கள் என்ன சொன்னதும் பொருளைக் கையில் எடுக்கிறார் என்று அப்படியே, பேச்சுத் தமிழிலேயே குறியுங்கள். அதில் திரும்பத் திரும்ப வருகிற பதிலை எங்களுக்கு அனுப்பினால் அடுத்த மாதம் ஒரு பக்கம் ஒதுக்கி வெளியிடுகிறோம். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, அதைத் திருத்துவதுதான் எங்கள் வேலை. ஆனால் உங்கள் அட்டையில் விலையையும் போடுங்கள்; ‘எவ்வளவும்மா?’ என்று கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்து போகிறவர்கள் நிறையப் பேர்.

அன்புடன்,
ஆசிரியர்