கணக்குப்பிள்ளையின் ரகசிய எழுத்து

உங்கள் கடைக் கணக்கை, கணக்குப்பிள்ளை தனக்கு மட்டுமே புரிகிற எழுத்தில் எழுதிவைத்தால் சும்மா விடுவீர்களா? பல ஆபீஸ் சர்வர்களில் நடப்பது அதுதான் ஸார்.

பல ஹார்ட் டிஸ்க்குகளைக் கோத்து, ஒன்று செத்தாலும் டேட்டா பிழைக்க வழிசெய்வது ‘ரெய்டு’. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் எழுதிய கட்டுரை தந்த பெயர். உங்கள் ஃபைலைத் துண்டுபோட்டு டிஸ்க்குகளில் பரப்புவார்கள். எந்த டிஸ்க் முதலாவது, துண்டு எத்தனை பெரிசு என்ற குறிப்பும் அதே டிஸ்க்கில்தான் இருக்கும். ஆனால், கம்பெனிக்குக் கம்பெனி வேறு பாஷை! கன்ட்ரோலர் கார்டு புகைந்துபோனால், டிஸ்க்குகள் கல்லு மாதிரி இருந்தும் அடுத்த கம்பெனி கார்டுக்கு ஒரு எழுத்தும் புரியாது.

பொது பாஷை இல்லையா? பேஷாக இருக்கிறது! ‘ஸ்னியா’ என்கிற ஸ்டோரேஜ் கம்பெனிகளின் சங்கமே ‘டிடிஎஃப்’ என்று ஒன்றை வகுத்தது. இரண்டாம் பதிப்பு 2009-ல் வந்தது. லினக்ஸ்கூட அதைப் படிக்கும். கட்டாயம்தான் இல்லை.

‘தனி பாஷை இருந்தால்தான் புதுமை வரும்’ என்பார்கள். வேகத்தில் போட்டி போடட்டும், விலையில் போடட்டும். பேரேடு நம்முடையது, அதில் என்ன போட்டி?

அடுத்த முறை சர்வர் வாங்கும்போது இதைக் கேளுங்கள்: ‘உங்க கார்டு செத்தா, இன்னொருத்தர் கார்டு என் டிஸ்க்கைப் படிக்குமா?’ தலையைச் சொறிந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.