பொம்மை மூலையும் பிள்ளை விளையாட்டும்

சிற்றில் இழைத்தலும் சிறுசோறு சமைத்தலும் நம் நாட்டுச் சிறார்க்குப் புதியன அல்ல. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்பது ஒரு பருவமே. சிறுமியர் இழைத்த மணல்வீட்டைப் பாட்டுடைத் தலைவன் சிதைக்க வருவான். அன்று தெருமணலில் நிகழ்ந்த அவ்விளையாட்டு இன்று பள்ளியறையின் ஒரு மூலையிற் புகுந்துள்ளது. 1975இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளிலும், 2019இல் நம் மாநிலத்து நடுநிலைப் பள்ளி வளாகங்களில் அமைந்த மழலையர் வகுப்புகளிலும் பயிலும் சிறார்க்கு, அம்மூலையில் என்ன வைக்கிறோம் என்பது சிறு செய்தியன்று.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் அத்தகைய மூலையைச் சில நாள் கண்டிருந்தேன். பிளாஸ்டிக் அடுப்பு, குக்கர், ஒரு பொம்மை, இவையே அங்கிருந்தன. சிறுமியர் சமைத்தனர், சிறுவர் ஓடிவந்து கலைத்தனர். பாட்டில் அது அழகு, வகுப்பில் அழுகை. 'ஆண்பிள்ளைகள் இயல்பு அது' என்றார் ஆசிரியை. யான் ஒப்பவில்லை. அவர்க்கு வேறு வேலை தாராத மூலையின்மீதே பிழை என்றேன்.

மற்றொரு நாள் அவ்வம்மையாரே பழம்புடவை, கூடை, புளியங்கொட்டை, பழைய பயணச்சீட்டு ஆகியவற்றை அங்கு வைத்து நாற்காலிகளையும் வரிசையிட்டார். மூலை பேருந்து நிலையமாயிற்று, புளியங்கொட்டை பணமாயிற்று. (திந்திரிணி வனத்தில் வேறெந்த நாணயம் செல்லும்!) 'விழுப்புரம், விழுப்புரம்' என்று கூவிய நடத்துநர் ஒரு சிறுமி. முன்பு அடுப்பைக் கவிழ்த்தவனோ தேநீர்க்கடை வைத்து யாவர்க்கும் ஆற்றிக் கொடுத்தான். கூடை சுமந்து விற்பவளின் மகள் ஒருத்தி, மல்லாட்டை விற்கும் முறையைப் பிறர்க்குக் கற்பித்தாள். அதுகாறும் அவள் வாய்திறந்து யான் கேட்டதில்லை.

1939இல் சென்னைக்கு வந்து ஆசிரியரைப் பயிற்றிய மான்டிசோரி அம்மையார், பாவனையினும் மெய்வேலையே சிறார்க்கு ஏற்றது என்னும் கொள்கையர். இரசிய அறிஞர் வைகாட்ஸ்கியோ, குச்சி குதிரையாகும் ஆட்டத்திலேதான் குழந்தை பொருளினின்று கருத்தைப் பிரிக்கக் கற்கிறது என்று 1933இல் உரைத்தார். யான் பின்னவர் பக்கமே சாய்வேன். பிளாஸ்டிக் அடுப்பு என்றும் அடுப்பே; புளியங்கொட்டையோ எதுவுமாகும்.

நம் மாணவருள் ஆசிரியராவோர் பலர். மூலைக்கென வரும் சிறுதொகையைப் பொம்மைக்கடையில் ஒரே நாளிற் கரைத்துவிடாதீர். ஒரு மாதம் அது விழுப்புரம் ரயில் சந்திப்பாகட்டும். மறுமாதம் மரக்காணத்து உப்பளமாகட்டும். அதன்பின் யாதாக வேண்டுமென்று அச்சிறாரையே கேளுங்கள்.