துடைப்பம் யார் கையில்?

காந்தி ஜயந்தி நெருங்கும்போதெல்லாம் நமது பள்ளிக்கூடங்களில் ஒரு வைபவம் நடைபெறுவதை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். பந்தல் போடுகிறார்கள், பிரமுகர் ஒருவர் வருகிறார், அவருக்கு மாலை சூட்டிப் புதுத் துடைப்பம் ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். முன்கூட்டியே பெருக்கி வைத்த இடத்தை அவர் மற்றொரு முறை பெருக்க, படமும் எடுத்தாகிறது. மாணாக்கர் வரிசையாக நின்று கைதட்டுகிறார்கள். உபாத்தியாயர்கள் மரநிழலில் நின்று மேற்பார்வை செய்கிறார்கள். மூன்றாம் நாள் காகிதமும் பிளாஸ்டிக் பையும் பழைய இடத்திற்கே திரும்பி விடுகின்றன. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப் பெற்ற பிறகு இத்தகைய வைபவங்கள் பெருகினவேயன்றிக் குறையவில்லை. சிரிப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. ஒரு பள்ளி முழுவதும் ஒன்று கூடித் தன் இடத்தைத் தானே துப்புரவு செய்வது கல்வியின் ஓர் அங்கமென்று நம்புகிறவர்கள் நாம்; அதனாலேயே அது கேலிக்கூத்தாவதைச் சகிக்க முடியவில்லை.

இக்காரியம் எவ்விதம் தொடங்கப்பட வேண்டுமென்பதற்கு நமது தேச சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1915-ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய இரண்டு மாதங்களுக்குள், காந்தியடிகள் ரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனத்தில் சில நாள் தங்கினார். அங்கே சமைப்பதற்குக் கூலியாட்கள் இருந்தனர். அவர்களை விடுத்து, உபாத்தியாயர்களும் பிள்ளைகளும் தங்கள் வேலையைத் தாங்களே செய்து கொண்டாலென்ன என்று காந்தியடிகள் கேட்டார். இக்கேள்வியை அவர் உபாத்தியாயர்களிடமே போட்டார் என்பது கவனிக்கத் தக்கது. ஓரிருவர் தலையசைத்துத் தயங்கினர். சிலர் மனமுவந்து ஏற்றனர். பிள்ளைகளோ புதுமையில் இயல்பாகவே உள்ள ஆசையால் குதூகலித்தனர். கவியின் அபிப்பிராயத்தை வினவியபோது, உபாத்தியாயர்களுக்குச் சம்மதமானால் தமக்கு ஆட்சேபமில்லை என்றார். சுயராஜ்யத்தின் திறவுகோல் இம்முயற்சியில் அடங்கியிருக்கிறதென்று அவர் பிள்ளைகளிடம் கூறியதாகவும் காந்தியடிகள் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

மார்ச் 10-ந் தேதி வேலை ஆரம்பமாயிற்று. பிள்ளைகள் 125 பேர். நகேன் பாபு முதலிய பெரியவர்கள் மண்வெட்டியும் கையுமாகச் சமையற்கட்டின் சுற்றுப்புறத்தைச் சீர்ப்படுத்தினர். பியர்சன் என்னும் ஆங்கிலேய ஆசிரியர், பெரிய அண்டாக்களைத் துலக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றுக் கொண்டார். துலக்குகிறவர்களுக்குச் சலிப்புத் தட்டாதிருக்க, மாணாக்கர் சிலர் எதிரில் அமர்ந்து சிதார் வாசித்தனராம்! இவ்வளவு உற்சாகத்தோடு தொடங்கியும் சிலர் சீக்கிரமே களைத்துப் போயினர். சில காலத்துக்குப் பின் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆயினும் அந்நாள் மறக்கப்படவில்லை. மார்ச் 10-ஐக் ‘காந்தி புண்ணியாஹம்’ என்று பெயரிட்டு, வேலையாட்களுக்கு ஓய்வளித்து, மாணாக்கரும் ஆசிரியர்களும் தாமே வளாகத்தைத் துப்புரவு செய்வது அங்கே சம்பிரதாயமாயிற்று.

பிள்ளைகளின் உற்சாகம் கேட்காமலே கிடைப்பது. ஆனால் புதுமை தீர்ந்ததும் அதுவும் தீர்ந்து போகும். அதை நிலைநிறுத்துவது பெரியவர்கள் குனிந்து வேலை செய்யும் காட்சி ஒன்றே. ‘மாணாக்கரை ஊக்குவிப்பது எப்படி?’ என்று நம்மிடம் கேட்கும் தலைமை உபாத்தியாயர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: உபாத்தியாயர்கள் கூட்டத்தை முதலில் கூட்டுங்கள். கட்டளையிடாமல் கேளுங்கள். தேர்தல் வேலையும் கணக்கெடுப்பும் பதிவேடுகளும் அவர்கள் தலைமேல் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன, விடுமுறை நாளையும் பறித்தால் முணுமுணுப்பார்கள், அது நியாயமே. ஆகையால் பள்ளி நேரத்திலேயே நாளொதுக்குங்கள். தலைமை உபாத்தியாயரின் அறை வாசலிலிருந்தே, அவர் கையாலேயே, வேலை ஆரம்பமாகட்டும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. நேரங்கழித்து வந்த பையனையும் வீட்டுக் கணக்குப் போடாத பையனையும் மைதானத்தைப் பெருக்கும்படி தண்டிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இன்னும் ஒழியவில்லை. வருஷம் முழுவதும் தண்டனையாயிருந்த துடைப்பத்தை அக்டோபர் 2-ந் தேதி மட்டும் கௌரவச் சின்னமென்றால் எந்தப் பிள்ளை நம்பும்? அதனினும் கொடிது, கக்கூஸைக் கழுவ ஆதிதிராவிடக் குழந்தைகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஏவுவது. இவ்விதப் புகார்கள் தமிழ்நாட்டில் எழுந்ததையும், தலைமையாசிரியர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதையும் பத்திரிகை படிப்போர் அறிவர். ‘பெருக்கவா என் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினேன்?’ என்று பெற்றோர் சீறும்போது அவர்களை அறியாமையுள்ளவர்களென்று தள்ளிவிடலாகாது. எல்லாப் பிள்ளைகளும் பெருக்குவதை அவர்கள் பெரிதும் ஆட்சேபிப்பதில்லை. எந்தப் பிள்ளை எதற்குப் பொறுக்கப்படுகிறான் என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள். 1901-ஆம் ஆண்டு கல்கத்தாக் காங்கிரஸில், மலக்கழிவைச் சுத்தம் செய்வது துப்புரவுத் தொழிலாளியின் வேலையென்று தொண்டர்கள் ஒதுங்கியபோது, காந்தியடிகள் துடைப்பத்தைத் தேடி வாங்கித் தாமே சுத்தம் செய்தார். ஜாதி பார்த்து வேறொருவரை ஏவவில்லை.

ஆகவே அணிகளை வகுப்புவாரியாகப் பிரியாமல், பெரிய மாணாக்கரும் சிறியவரும் கலந்து, சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். ஒவ்வோர் அணியிலும் ஓர் உபாத்தியாயர் வேலையாளாக இருக்கட்டும். ஆண்பிள்ளைகள் மேஜை தூக்கவும் பெண்பிள்ளைகள் பெருக்கவும் என்ற பாகுபாடு வேண்டாம். சாக்கடைச் சேறு, உடைந்த கண்ணாடி, கக்கூஸ் இவற்றில் குழந்தைகளை இறக்கவே கூடாது. அதற்கு முறையான சம்பளமும் கருவிகளும் பெற்ற பணியாளரை நியமிப்பது நிர்வாகத்தின் கடமை. குழந்தைகளின் உழைப்பைக் காட்டி அந்தச் செலவை மிச்சம் பிடிக்க முயலும் நிர்வாகம் துப்புரவைப்பற்றிப் பேச யோக்கியதையற்றது.

அக்டோபர் மாதத்தை நாம் குறிப்பிடுவதில் இன்னொரு காரணமும் அடங்கியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அம்மாத நடுவுக்குப் பின்னரே இறங்குகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை; தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடியில்லாத தொட்டி, மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த நாற்காலி இவற்றில் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அது கடிப்பதோ பகலில், அதாவது பள்ளி நேரத்தில். தண்ணீரைக் கவிழ்த்து விட்டால் மட்டும் தீராது. பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் கெடாதிருக்குமாதலால் தேய்த்துக் கழுவ வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் இந்தப் பாடத்தை அந்தத் தொட்டியருகிலேயே நடத்தட்டும். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் இதற்கென ஒதுக்கும் பள்ளி, வருஷத்திற்கொரு நாள் பந்தல் போடும் பள்ளியைவிட நூறு மடங்கு மேலான காரியத்தைச் செய்ததாகும்.

வேலைத் திட்டம் வகுக்கும் கூட்டத்தில், அப்பள்ளியை நாள்தோறும் பெருக்கும் அம்மையாரையும் அழைத்து உட்கார வைக்கும்படி நாம் கேட்டுக் கொள்கிறோம். எந்த மூலையில் நீர் தேங்குகிறது, எந்த வகுப்பறையில் குப்பை அதிகம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். துப்புரவு நாளன்று அவருக்கு விடுமுறை அளிக்க வேண்டும். அந்த நாளுக்குரிய கூலியைப் பிடிக்கலாகாது.